நல்ல மனம் மட்டும் போதுமா?

“நோயாளிக்குப் பணிவிடை செய்ய இரக்கமுள்ள நெஞ்சு இருந்தால் போதாதா? அதற்கு அல்ஜிப்ராவும் ரசாயனமும் எதற்கு?”

அமெரிக்காவில் நடுத்தர வயதில் நர்ஸ் தொழிலுக்கு வர விரும்பும் பலருடைய உள்ளத்தில் எழும் கேள்வி இது. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர், கடையிலோ அலுவலகத்திலோ பல்லாண்டு உழைத்தவர், தாயின் கடைசி நாட்களில் மருத்துவமனைப் படுக்கையருகே இருந்து நர்சுகளின் தொண்டைக் கண்ணாரக் கண்டவர் எனப் பலதரப்பட்டவர்கள் முப்பத்தைந்து, நாற்பது வயதில் இப்படி ஒரு முடிவுக்கு வருகிறார்கள். தமிழகத்திலிருந்து அங்கே குடியேறிய நம் குடும்பங்களிலும் இந்த எண்ணம் கொண்ட சகோதரிகள் உண்டு.

நம் நாட்டில் இளங்கலை நர்சிங் படிப்புக்கு மேல்நிலை வகுப்பிலேயே இயற்பியல், ரசாயனம், உயிரியல் படித்திருக்க வேண்டும். பதினைந்து வயதில் வேறு பிரிவைத் தேர்ந்தெடுத்தவருக்கு அந்தக் கதவு அன்றே அடைபட்டது போலத்தான். அமெரிக்காவில் நிலைமை வேறு. ‘கம்யூனிட்டி காலேஜ்’ எனப்படும் வட்டாரக் கல்லூரிகளில் எந்த வயதினரும் சேரலாம். ஆனால் கல்லூரிக்குள் நுழைவது எளிது. அதற்குள் இருக்கும் நர்சிங் பிரிவுக்குள் நுழைவது கடினம். அதற்கு முன்னதாகச் சில பாடங்களை முடித்தாக வேண்டும். உடற்கூறும் உடலியலும், நுண்ணுயிரியல், ரசாயனம், அல்ஜிப்ரா அல்லது புள்ளியியல் என்று பட்டியல் கல்லூரிக்குக் கல்லூரி சற்றே மாறும். பல இடங்களில் ‘டீஸ்’ என்ற நுழைவுத் தேர்வும் உண்டு. வாசிப்பு, கணக்கு, அறிவியல், ஆங்கிலம் என்னும் நான்கு பகுதிகள் அதில் இருக்கின்றன. அறிவியல் பாடங்களைக் கடந்த ஐந்து அல்லது ஏழு ஆண்டுகளுக்குள் படித்திருக்க வேண்டும் என்று விதிக்கும் கல்லூரிகளும் உள்ளன. ஆகவே இளமையில் படித்தவரும் மீண்டும் முதல் வரிசையில் அமர நேரிடுகிறது. இரண்டாண்டுப் படிப்பு என்று பெயர். முன்பாடங்களையும் சேர்த்தால் மூன்றாண்டு அல்லது அதற்கு மேலும் ஆகிவிடும்.

இந்த நீண்ட வாயிற்படியின் முன் நின்றுதான் மேற்சொன்ன கேள்வி கேட்கப்படுகிறது. கேட்பவரின் மனத்தில் கபடம் இல்லை. ஆயினும் கேள்வியின் உள்ளே ஒரு பெரிய தார்மீகப் பிரச்சினை அடங்கியிருக்கிறது. நல்லெண்ணம் இருப்பவருக்கு நற்செயலைச் செய்யும் உரிமை தானாகவே கிடைத்துவிடுமா?

நிய்யத்தும் நிபந்தனையும்

செயல்கள் யாவும் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்று பெருமானார் (ஸல்) அவர்கள் போதித்திருக்கிறார்கள். நம் பள்ளிவாசல் மதரஸாவில் முதலில் ஓதிக் கொடுக்கப்படும் ஹதீதுகளில் ஒன்று அது. ஆனால் நிய்யத் சரியாக இருக்கிறது என்பதற்காக ஒளு இல்லாமல் தொழ முடியுமா? கிப்லா எந்தத் திசை என்று விசாரிக்காமலேயே தக்பீர் கட்டலாமா? தொழுகைக்கு ஷர்த்துகள் உண்டு. அவை தொழுகைக்கு வெளியே, அதற்கு முன்பாக நிறைவேற வேண்டியவை. எனினும் அவை இல்லாமல் தொழுகை கூடாது. ஒளுச் செய்யும் தண்ணீர்த் தொட்டி பள்ளிவாசலின் உட்பள்ளிக்கு வெளியே இருக்கிறது என்பதால் அதை யாரும் வீண் வேலை என்று சொல்வதில்லை.

நோயாளியின் உடலைத் தொடும் தொழிலுக்கும் அப்படிப்பட்ட ஷர்த்துகள் உண்டு. மருத்துவம் அறிந்தவர் என்று பெயர் பெறாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு விளைந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்துள்ள நபிமொழி அபூதாவூதிலும் நஸயீயிலும் இப்னு மாஜாவிலும் பதிவாகியிருக்கிறது. அவருடைய எண்ணம் எப்படி இருந்தது என்ற விசாரணை அங்கே முதலில் வரவில்லை. அவர் அறிந்திருந்தாரா என்பதே முதல் கேள்வி.

அகழ்ப் போரில் சஃது இப்னு முஆத் (ரலி) அவர்கள் அம்பு தைத்துக் காயமுற்றபோது, காயப்பட்டோருக்கு மருந்திட்டு வந்த ருஃபைதா (ரலி) என்ற அம்மையாரின் கூடாரத்தில் அவர்களைச் சேர்க்கும்படி பெருமானார் (ஸல்) பணித்தார்கள் என்று வரலாறு கூறுகிறது. சஃது அவர்களின் மீது அன்பு கொண்டோர் மதீனா முழுவதும் இருந்தனர். இரக்கத்திற்கு அங்கே பஞ்சமில்லை. ஆயினும் காயத்தைப் பேணும் கலை தெரிந்தவரிடமே அவர்கள் ஒப்படைக்கப்பட்டார்கள்.

ஒரு கரண்டி மருந்தின் கணக்கு

“சரி, அறிவு வேண்டும். அது மருந்து, ஊசி, கட்டுப் போடுதல் பற்றிய அறிவாக இருக்கட்டும். கணக்கு ஏன்?” என்று அடுத்த கேள்வி எழும். ஓர் எளிய உதாரணத்தைப் பார்ப்போம்.

காய்ச்சல் கண்ட ஒரு குழந்தையின் எடை 16 கிலோ. கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் பாராசிட்டமால் கொடுக்குமாறு மருத்துவர் எழுதுகிறார். 16ஐப் பத்தால் பெருக்கினால் 160 மில்லிகிராம். சிரப்பு புட்டியில் 5 மில்லிக்கு 160 மில்லிகிராம் என்று அச்சிட்டிருந்தால் 5 மில்லி கொடுக்க வேண்டும். ஆனால் அமெரிக்காவில் முன்பு கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து வேறு செறிவில் விற்கப்பட்டது. 0.8 மில்லியிலேயே 80 மில்லிகிராம் இருந்தது. அதே 160 மில்லிகிராமுக்கு அதில் 1.6 மில்லி போதும். அந்தச் சொட்டு மருந்திலிருந்து 5 மில்லி எடுத்து ஊற்றினால் குழந்தையின் வயிற்றுக்குள் போவது 500 மில்லிகிராம்! மூன்று மடங்கிற்கும் மேல். இப்படிப்பட்ட குழப்பத்தைத் தவிர்க்கத்தான் 2011ஆம் ஆண்டில் மருந்துத் தயாரிப்பாளர்கள் குழந்தைகளின் திரவ மருந்துகள் அனைத்தையும் 5 மில்லிக்கு 160 மில்லிகிராம் என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவர முன்வந்தார்கள்.

இங்கே பயன்பட்டது என்ன? விகிதமும் தசமப் புள்ளியும், ‘தெரியாத எண் ஒன்று’ என்னும் அல்ஜிப்ராவின் முதல் பாடமும்தான். ஒரு லிட்டர் திரவத்தை எட்டு மணி நேரத்தில் நரம்பு வழியே ஏற்றச் சொன்னால் மணிக்கு 125 மில்லி. மில்லிக்கு இருபது சொட்டு விழும் குழாயானால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 42 சொட்டு. இன்று இதற்கு இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனால் இயந்திரத்திற்கு எண்ணைக் கொடுப்பது மனிதக் கைதான். தவறான எண்ணைக் கொடுத்தால் பல வேளைகளில் அது தவறையே பிசகாமல் செய்து முடிக்கும்.

ரசாயனத்தின் கதையும் இதுவே. நரம்பில் ஏற்றப்படும் சாதாரண உப்பு நீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. உப்பே இல்லாத தூய நீரை நேரே நரம்பில் செலுத்தினால் இரத்தச் சிவப்பணுக்கள் நீரை உறிஞ்சி வீங்கி வெடிக்கும். பொட்டாசியம் இல்லாமல் இதயம் சீராகத் துடிக்காது. அதே பொட்டாசியத்தைச் செறிந்த கரைசலாக நரம்பில் வேகமாகச் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். இரத்தத்தின் அமில காரச் சமநிலையைக் காட்டும் எண் 7.35க்கும் 7.45க்கும் இடையே நிற்க வேண்டும். தண்ணீர், உப்பு, அமிலம் என்று நாம் அன்றாடம் கேட்கும் சொற்கள் நோயாளியின் உடலுக்குள் வாழ்வும் சாவுமாக மாறுகின்றன. ‘செறிவு’ என்ற ஒரு சொல்லின் பொருள் புரியாதவர் கையில் சிரிஞ்சைக் கொடுப்பது எத்தகைய விபரீதம்!

2006ஆம் ஆண்டு இண்டியானாபோலிஸ் நகர மருத்துவமனை ஒன்றில் பச்சிளங் குழந்தைகளுக்கு, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து தவறான செறிவில் ஏறிவிட்டது. மில்லிக்கு 10 யூனிட் இருக்க வேண்டிய இடத்தில் 10,000 யூனிட் உள்ள குப்பிகள் வைக்கப்பட்டிருந்தன. எடுத்தவர்களும் அதைக் கவனிக்கவில்லை. மூன்று சிசுக்கள் உயிரிழந்தன. அங்கிருந்தோர் எவரும் தீய எண்ணம் கொண்டவரல்லர், படிக்காதவரும் அல்லர். படித்துத் தேர்ந்தவரின் கையிலேயே மூன்று பூஜ்ஜியங்கள் இத்தனை துயரத்தைத் தரக்கூடும் என்றால், எண்களைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்பவரின் கையில் என்ன நேரும் என்று சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆகவே, நாற்பது வயதில் சமையலறை மேசையில் அமர்ந்து பின்னக் கணக்கோடு மல்லாடும் ஒரு தாய், தொண்டு செய்வதற்காகக் காத்திருக்கிறார் என்று எண்ணாதீர்கள். அவர் தொண்டைத் தொடங்கிவிட்டார். இன்னும் கண்ணால் காணாத ஒரு நோயாளியின் உரிமையை அவர் இப்போதே நிறைவேற்றிக் கொண்டிருக்கிறார்.

வயதும் அச்சமும்

வயதுக்கு வந்தவர்களைப் பின்னுக்கு இழுப்பது பெரும்பாலும் மூளையின் தளர்ச்சியன்று; பழைய அச்சம். பத்து வயதில் கரும்பலகையின் முன் நிறுத்தப்பட்டு, விடை தெரியாமல் விழித்து, வகுப்பே சிரித்த அந்த நாள் நெஞ்சில் உறைந்து கிடக்கிறது. ‘எனக்குக் கணக்கு வராது’ என்ற தீர்ப்பை அன்றே எழுதிக்கொண்டவர்கள் எத்தனை பேர்!

சகோதரிகளே, அந்தத் தீர்ப்பு உண்மையா என்று கொஞ்சம் சோதித்துப் பாருங்கள். 100 கிராம் நகைக்கு இரண்டரைக் கிராம் ஜகாத் என்று ரமலானில் கணக்கிடுகிறீர்களே, அது சதவிகிதம். ஐம்பது பேருக்கான நோன்புக் கஞ்சியை எண்பது பேருக்குப் பெருக்குகிறீர்களே, அது விகிதம். ஒருவர் மனைவியையும் ஒரு மகனையும் ஒரு மகளையும் விட்டு இறந்தால் சொத்தை 24 பங்காக்கி, மனைவிக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7 என்று ஆலிம்கள் பிரித்துக் கொடுக்கிறார்களே, அது பின்னத்தின் பொதுப் பகுதி காணும் கணக்கு. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்ஜிப்ராவுக்கு முதல் நூல் வகுத்த அல் குவாரிஸ்மி, அந்நூலின் பெரும்பகுதியை வாரிசுரிமை, மரண சாசனக் கணக்குகளுக்கே ஒதுக்கினார். ‘அல்ஜப்ர்’ என்ற அரபுச் சொல்லுக்கு உடைந்ததைச் சேர்த்துச் சீராக்குதல் என்பது பொருள். முறிந்த எலும்பைக் கட்டுவதற்கும் அரபியில் அதே சொல்தான். நர்சுக்கு அல்ஜிப்ரா எதற்கு என்று கேட்பவருக்கு அந்தச் சொல்லே விடை சொல்லிவிடுகிறது!

வயது தடையென்றால் நம் முன்னோரில் பலர் பாமரராகவே மறைந்திருப்பார்கள். நபித் தோழர்கள் முதிய வயதிலும் கல்வி கற்றார்கள் என்பதை இமாம் புகாரி (ரஹ்) தம் ஸஹீஹில் குறித்து வைத்திருக்கிறார்கள். ஷாபிஈ மத்ஹபின் மாபெரும் அறிஞரான இமாம் கஃப்பால் அல் மர்வஸி (ரஹ்) அவர்கள் பூட்டுச் செய்யும் தொழிலாளியாக இருந்தவர்கள். ‘கஃப்பால்’ என்ற பெயரே பூட்டுத் தொழிலைக் குறிப்பது. முப்பது வயதளவில் ஓதத் தொடங்கி, ஹிஜ்ரி 417இல் மறையும்போது ஒரு கல்விப் பரம்பரைக்கே தலைவராக இருந்தார்கள். நர்சிங் தொழிலை நவீனமாக்கிய ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் நகரில் பயிற்சிக்குச் சேர்ந்தது 1851இல், தமது 31ஆம் வயதில். படைவீரர்களின் சாவுக்குக் காரணம் என்ன என்பதை எண்களாலும் வரைபடங்களாலும் நிறுவிய அவர், 1858இல் லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விளக்கேந்திய மங்கை என்று உலகம் புகழ்கிறது. அவர் கையில் விளக்கோடு கணக்கேடும் இருந்தது.

குறுக்கு வழி

வாயிற்படி உயரமாக இருந்தால் சுவரேறிக் குதிக்கச் சிலருக்குத் தோன்றும். 2023ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க நீதித் துறை ஒரு பெரும் மோசடியை வெளிப்படுத்தியது. ஃப்ளோரிடா மாநிலத்தில் மூன்று நர்சிங் பள்ளிகளின் பெயரால் 7,600க்கும் மேற்பட்ட போலிப் பட்டயங்கள் விற்கப்பட்டிருந்தன. 25 பேர் மீது குற்றம் சுமத்தப்பட்டது. அந்தத் தாள்களைக் காட்டித் தேர்வெழுதியவர்களில் ஏறத்தாழ 2,400 பேர் உரிமத் தேர்விலும் தேறிவிட்டார்கள் என்று செய்தி வந்தது.

“தேர்வில் தேறிவிட்டார்களே, பிறகென்ன?” என்று கேட்கலாம். ஒரு நாள் தேர்வு, பல மாதப் பயிற்சியின் முத்திரை மட்டுமே. பயிற்சிக்கு மாற்று அன்று. மேலும், நோயாளி தம் கையை நீட்டும்போது எதிரில் நிற்பவரின் சான்றிதழைக் கேட்பதில்லை. நம்பி நீட்டுகிறார். அந்த நம்பிக்கை ஓர் அமானிதம். அதைப் பணம் கொடுத்து வாங்கிய தாளினால் பெறுவது, அறியாத ஒருவரின் உடைமையைத் திருடுவதற்கு ஒப்பாகும்.

இத்தனை பெரிய மோசடி நம்மில் எவருக்கும் தோன்றாது. சிறியவைதான் ஆபத்து. வீட்டுப் பாடத்தை மகனிடம் கொடுத்துச் செய்து வாங்குவது, கணினியிடம் விடை கேட்டு அப்படியே எழுதிவிடுவது, புரியாமலேயே மனப்பாடம் செய்து தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவது இவற்றையெல்லாம் ‘இது வெறும் முன்பாடந்தானே’ என்று மனம் சமாதானம் சொல்லும். மகனிடம் விளக்கம் கேட்பது கல்வி. விடையை வாங்குவது வேறு. நள்ளிரவில், வார்டில், மகனும் இல்லாத இடத்தில், அந்த விகிதக் கணக்கு மீண்டும் எதிரே வந்து நிற்கும்.

மறுபக்கத்தையும் நேர்மையோடு பார்க்க வேண்டும். எல்லா வாயிற்படிகளும் நியாயமானவை என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு இடத்தேர்வில் தடுமாறியதற்காக, மதிப்பெண் கணக்கில் சேராத அடிப்படைக் கணக்கு வகுப்புகளில் பல பருவங்கள் அடைத்து வைக்கப்பட்டு, சோர்ந்து படிப்பையே விட்டவர்கள் அமெரிக்க வட்டாரக் கல்லூரிகளில் ஏராளம். இந்தக் குறையை உணர்ந்தே கலிஃபோர்னியா மாநிலம் 2017இல் ஒரு சட்டம் இயற்றி, மாணவரின் பள்ளி மதிப்பெண்களையும் கருத்தில் கொண்டு நேரே கல்லூரிப் பாடத்தில் சேர்க்க வழி செய்தது. தேவையற்ற தடையைத் தேவையற்றது என்று சொல்லலாம்; அதை மாற்றப் போராடலாம். ஆனால் ‘இந்த விதி அநியாயம், ஆகவே நான் ஏமாற்றலாம்’ என்று முடிவு கட்ட மார்க்கத்தில் இடமில்லை. விதியின் குற்றத்திற்கு நோயாளி ஏன் விலை கொடுக்க வேண்டும்?

வீட்டாரின் பங்கு

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா உலூமுத்தீன்’ நூலில் பர்ளு கிஃபாயாவான கல்விகளுக்கு உதாரணம் சொல்ல வரும்போது எடுத்துக் காட்டும் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று மருத்துவம், மற்றொன்று கணக்கு! உடல்கள் நிலைத்திருக்க முன்னதும், கொடுக்கல் வாங்கலும் பாகப் பிரிவினையும் நடக்கப் பின்னதும் தேவை என்பது அவர்களின் கருத்து. ஓர் ஊரில் இவற்றை அறிந்தவர் ஒருவரும் இல்லையென்றால் ஊரார் அனைவருமே பொறுப்பாளிகள். எல்லோரும் சட்டக் கல்வியிலேயே போட்டியிட்டு மருத்துவத்தைக் கைவிட்டார்களே என்று அவர்கள் அன்றே வருந்தினார்கள். இமாம் அவர்கள் மறைந்தது 1111ஆம் ஆண்டு. அந்த வருத்தம் இன்றும் பழசாகவில்லை.

நம் வீட்டுப் பெண்மணி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், பெண் நர்ஸ்தான் வரவேண்டும் என்று உரத்துக் கேட்கிறோம். கேட்பதில் தவறில்லை. ஆனால் நம் மருமகள் அந்தத் தொழிலுக்குப் படிக்க விரும்பினால், ‘இந்த வயதில் என்ன பள்ளிக்கூடம்?’ என்கிறோம். பிறர் வீட்டுப் பெண் படித்துவந்து நமக்குப் பணி செய்யட்டும், நம் வீட்டுப் பெண் அடுப்படியிலேயே இருக்கட்டும் என்பது எந்த ஊர் நியாயம்? பர்ளு கிஃபாயாவின் பாரத்தை ஒருவர் தோளில் ஏற்றும்போது, அவரைச் சுற்றியிருப்போர் அவருக்கு நேரத்தையாவது கொடுக்க வேண்டாமா? இரவுச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கணவர் கழுவிக் கொடுக்கும் அரைமணி நேரம் ஒரு நோயாளியின் உயிருக்குக் கொடுக்கும் சதகாவாக ஆகலாம்.

படிக்கத் துணிந்த சகோதரிக்கு ஒரு சில வார்த்தைகள். கல்லூரி திறக்கும் வரை காத்திராதீர்கள். ஓராண்டு முன்னதாகவே தொடங்குங்கள். பின்னம், தசமம், சதவிகிதம், விகிதம், அளவை மாற்றம் என்று இந்த வரிசையில் போய், பிறகு ஒரு தெரியாத எண் கொண்ட சமன்பாட்டுக்கு வாருங்கள். ரசாயனத்தில் அணு, அயனி, கரைசலின் செறிவு, அமிலமும் காரமும் ஆகிய நான்கில் கால் ஊன்றினால் மற்றவை பின்னால் வரும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் 2012 முதல் ‘ஓப்பன்ஸ்டாக்ஸ்’ என்ற பெயரில் இலவசப் பாடநூல்களை வெளியிடுகிறது. கான் அகாடமியின் பாடங்களும் இலவசமே. சுபுஹுத் தொழுகைக்குப் பின், வீடு விழித்தெழுவதற்கு முன், அரைமணி நேரம். ஒரே நாளில் ஐந்து மணி நேரம் படிப்பதைவிட, நாள்தோறும் தவறாத அரைமணி சிறந்தது. குறைவானாலும் தொடர்ந்து செய்யப்படும் அமலே இறைவனுக்கு உவப்பானது என்று நாம் கற்றிருக்கிறோம் அல்லவா?

முயன்றும் முடியவில்லையென்றால்? அதிலும் இழிவில்லை. ‘இந்தப் பொறுப்பைச் சுமக்க எனக்கு ஆற்றல் போதவில்லை’ என்று உண்மையாக அறிந்து ஒதுங்கி நிற்பவரும் அமானிதத்தைப் பேணியவரே. நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கவும், பக்கத்தில் அமர்ந்து ஆறுதல் சொல்லவும், துஆச் செய்யவும் சான்றிதழ் தேவையில்லை. அவற்றின் நன்மையும் சிறிதன்று. ஆனால் முயலாமலேயே ‘நல்ல மனம் போதும்’ என்று சொல்லிக்கொள்வது மனத்தின் தந்திரம். நல்ல மனம் என்பது உண்மையில் இருக்குமானால், அது பிறர் உயிரின் பொருட்டுக் கடினமான பாடத்தின் முன் உட்காரத் தயங்காது.

நமக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் தந்தருள்வானாக! கற்றதைக் கொண்டு அவன் அடியார்களுக்குத் தீங்கின்றிப் பணி செய்யும் நற்பேற்றையும் அளிப்பானாக! ஆமீன்.